மூன்றாம் கொள்ளைக்காரனின் இடது கை

எங்கள் துறையின் கருத்தரங்கக் கூடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது, அந்தச் சுவரில் ஒரு மனிதர் ஐந்து வருடமாகச் செத்துக்கொண்டிருந்தார், அவர் சாவதை நிறுத்தியும் பின்னால் ஓட்டியும் மறுபடி சாகவிட்டும் நான் ஐந்து வருடமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன், இதற்குப் பெயர்தான் முனைவர் பட்ட ஆய்வு என்று பல்கலைக்கழகமும் என் அப்பாவும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் பெயர் ஓரின் பெக்வித். அமெரிக்காவில் சினிமா வாய் திறக்காத காலத்து நடிகர். நடிகர் என்று நான்தான் சொல்கிறேன். அவர் காலத்துச் சுவரொட்டி ஒன்றுகூட அப்படிச் சொன்னதில்லை. நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊரில் லாடம் அடிப்பவருக்கு மகனாகப் பிறந்து, வீட்டில் சொல்லாமல் கிளம்பி, நியூ ஜெர்சிப் பக்கம் படம் பிடிக்கிற கொட்டகையில் அட்டைக் கதவும் அட்டை ஜன்னலும் சுமக்கிற வேலைக்குச் சேர்ந்து, ஒருநாள் குதிரையிலிருந்து விழ வேண்டிய ஆள் வராததால் அவருக்குப் பதிலாக விழுந்து, நன்றாக விழுந்துவிட்ட குற்றத்துக்காக அதன்பிறகு பதினாறு வருடம் விழுந்துகொண்டே இருந்தவர். கம்பெனிச் சம்பளப் பதிவேடுகளின்படி நூற்று நாற்பத்து மூன்று படம், அதில் நூற்று நாற்பத்தொன்றில் சாவு. மீதி இரண்டில் ஒன்றில் கதவுக்குப் பின்னால் நிற்பார், இன்னொன்றில் யாருடைய கல்யாணத்திலோ தொப்பியைக் கழற்றுவார். எப்போதும் மூன்றாம் கொள்ளைக்காரன். முகம் முழுக்கத் தாடி, தாடி முழுக்கப் புழுதி. எல்லோரும் கலிபோர்னியாவுக்குப் போனபோது அவரும் போனார், அங்கேயும் விழுந்தார். படங்கள் பேச ஆரம்பித்ததும் துப்பாக்கிச் சத்தமே போதும் என்றாகிவிட்டது, சாகிறவனைக் காட்ட வேண்டிய தேவையில்லை. ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்து, 1934இல், கேமரா எதுவும் இல்லாத ஒரு மத்தியானத்தில், கடைசியாக ஒருமுறை செத்துப்போனார்.

படங்களில் அவர் பெயர் எங்கேயும் கிடையாது. அத்தனை தாடிகளுக்கு நடுவில் அவரைக் கண்டுபிடித்தது நான். எப்படியென்றால், குண்டு பட்டதும் மற்ற கொள்ளைக்காரர்கள் நெஞ்சைப் பிடிப்பார்கள். இவர் மட்டும் இடது கையை நேராக மேலே தூக்கி, ஒரு கணம் அப்படியே நிறுத்தி, அதன்பிறகுதான் விழுவார். அந்தக் கையை வைத்து ஐம்பத்தேழு படங்களில் அவரை அடையாளம் காட்டினேன். அதோடு விட்டிருந்தால் நான் உருப்பட்டிருப்பேன். அந்தக் கை முதலாளித்துவத்துக்கு எதிராக உயர்ந்த முஷ்டி என்று எழுதினேன். "கை விரிஞ்சுல்ல இருக்கு, பூங்கோதை?" என்று என் அறைத்தோழி நஸ்ரின் கேட்டாள். அவள் இயற்பியல், அவளுக்கு என்ன தெரியும். 'விரிந்த முஷ்டி' என்று ஒரு கலைச்சொல்லை உண்டாக்கி, அதை விளக்கி முப்பது பக்கம் எழுதிச் சேர்த்தேன். என்னோடு வாதாடுகிறவர்களுக்கு நான் எப்போதும் கூடுதலாக முப்பது பக்கம் கொடுப்பது வழக்கம்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, தேர்வாளர்கள் அறிக்கையும் வந்து, பொது வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்த ஒரு திங்கட்கிழமை, மத்தியானம் மூன்று பத்துக்கு, முதுகலை மாணவர்களுக்கு நான் அந்தக் கையை விளக்கிக்கொண்டிருந்தபோது, கை உயர்ந்தது, நின்றது, ஆனால் ஆள் விழவில்லை. சுவரின் அடிவிளிம்பில் ஒரு காலை வைத்து, நம்மூரில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் போலப் பின்பக்கம் லேசாகச் சாய்ந்து, தரையில் இறங்கி நின்றார். தலை முதல் பூட்ஸ் வரைக்கும் சாம்பல் நிறம். சுவரில் கதாநாயகன் வெறுமையைப் பார்த்துச் சுட்டு, துப்பாக்கிப் புகையை ஊதிவிட்டுக் குதிரை ஏறினான்.

என் நெறியாளரும் துறைத் தலைவருமான சவரிமுத்து சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மீதிப் படத்தையும் பாத்துருவோம்மா. கூடம் நாலு மணி வரைக்கும்தான் நமக்கு. அப்புறம் வணிகவியல்காரங்க வந்து கதவைத் தட்டுவாங்க."

பார்த்தோம். பெக்வித்தும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

விருந்தினர் விடுதி வாசலில் காவலாளி தன் பதிவேட்டை நீட்டினார். எங்கிருந்து என்ற கட்டத்தில் 'சுவர்' என்று இருந்ததைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை, கைபேசி எண் கட்டம் காலியாக இருந்ததுதான் பிரச்சினை, என் எண்ணை எழுதியபிறகே உள்ளே விட்டார். தங்க நான்காம் அறையும், சாப்பிட எங்கள் மாணவியர் விடுதிச் சமையலறையும் கொடுத்தார்கள். பெக்வித் வாயசைப்பார், சத்தம் வராது. இரண்டு விநாடி கழித்து, ஊமைப்படத்தில் வசனம் வருகிற மாதிரி, பக்கத்துச் சுவரில் கறுப்புப் பலகை ஒன்று தோன்றும், நாலு மூலையிலும் கொடி வேலைப்பாடு, நடுவில் வெள்ளை எழுத்து, தமிழில். ஏன் தமிழில் என்று ஆங்கிலத் துறை மட்டும் மனவருத்தத்தோடு கேட்டது. அடுத்த வார்த்தை பேசும்வரை அந்தப் பலகை அங்கேயே இருக்கும் என்பதால், விடுதிச் சமையலறைச் சுவரில் 'இன்னும் ஒன்று' என்ற பலகை சில நாள் மாலைவரை நின்றது.

ஒரே வாரத்தில் ஊர் பழகிவிட்டது. அவரோடு பேசப் போகிறவர்கள் சுவரோரமாகவே நடந்தார்கள். வேப்பமரத்தடியில் பேச வேண்டுமென்றால் யாராவது இரண்டு பேர் ஒரு போர்வையை விரித்துப் பிடித்தார்கள். பஸ்ஸில் அவர் பேசியது முன்சீட்டுக்காரர் சட்டை முதுகில் தெரிந்து, அந்த மனிதர் தன் முதுகில் 'ஜன்னலைத் திறக்கலாமா' என்று எழுதியிருப்பது தெரியாமலே பேருந்து நிலையம்வரை போனார். படாரென்று எந்தச் சத்தம் கேட்டாலும் பெக்வித் விழுவார், அது ஒன்றுதான் அவரால் விட முடியாத பழக்கம்: கதவு அடித்தால், டயர் வெடித்தால், குக்கர் மூடி தெறித்தால், இடது கை மேலே போகும், ஒரு கணம் நிற்கும், ஆள் தரையில் கிடப்பார், பிறகு எழுந்து தூசியைத் தட்டுவார். முதல் நாளில் தண்ணீர்ச் சொம்போடு ஓடினார்கள். மூன்றாம் நாளில் தாண்டிப் போனார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது, வேட்டுப் போட்டார்கள், ஒரே மத்தியானத்தில் முப்பத்திரண்டு முறை செத்தார், கோயில் கமிட்டிக்காரர்கள் ஒரு துண்டு போர்த்தி மரியாதை செய்தார்கள், அந்தத் துண்டு பச்சை நிறம், அவர் தோளில் பட்டதும் சாம்பலாகிவிட்டது, அதைப் பற்றியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் விடுதிச் சமையல் இருளாயி அக்காவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. சாம்பார் அவர் வாய்க்குப் போகுமுன் நிறம் மாறுவதுதான் அக்காவுக்குக் கவலை. "இட்லி ஒண்ணுதான் இந்த மனுசனுக்குத் தோதா இருக்கு. வச்ச மேனிக்கே உள்ள போகுது" என்பார். பெக்வித்தை 'கௌபாய்' என்று அழைத்தார். அவர் சுவரில் பேசினால், அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்து, "அதெல்லாம் முடியாது, இன்னும் ரெண்டு சாப்புடணும்" என்று சுவரைப் பார்த்தே பதில் சொல்வார்.

நான் மட்டும் அவரோடு சண்டை போட்டேன். வேறென்ன செய்வேன்? ஒரு மனிதரின் வாழ்க்கையை ஐந்து வருடம் படித்து, அதைப் பற்றி நானூறு பக்கம் எழுதி முடித்த பிறகு, அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் வந்து நின்றால், அவர் சொல்வதைக் கேட்பதற்கு அல்ல, அவரைத் திருத்துவதற்குத்தான் முதலில் நாக்கு துடிக்கிறது.

"உங்களச் சுரண்டியிருக்காங்க சார்."

'அப்படியா, அம்மணி?'

"ஒரே நாள்ல மூணு தடவை சாகடிச்சிருக்காங்க. பக்கம் எழுபத்தெட்டு."

'மூன்றாவது நான் கேட்டு வாங்கியது. இரண்டாவதில் சரியாக விழவில்லை.'

"தொழிலாளர்கள்லாம் மத்தியானம் ஒண்ணாக் கூடி என்ன பேசுவீங்க?"

'செத்தவர்கள் ஒரு பக்கம், உயிரோடு இருப்பவர்கள் ஒரு பக்கம். பந்து விளையாடுவோம்.'

"அதுக்குள்ள ஒரு வர்க்க உணர்வு இருந்திருக்கும் சார், உங்களுக்குத் தெரியாமலே."

பிறகு சுவரில், 'பெரும்பாலும் செத்தவர்கள்தான் ஜெயிப்போம்' என்று வந்தது. நான் அதையும் குறித்துக்கொண்டேன், எதற்கும் உதவும் என்று.

பிறகு ஒரு காலையில், சமையலறையில், என் வாழ்க்கையின் மிகத் தெளிவான கேள்வி என்று நினைத்துக்கொண்டு அந்தக் கையைப் பற்றிக் கேட்டேன். பெக்வித் இட்லித் தட்டை ஓரமாக வைத்தார். பலகை பலகையாக வந்தது. அக்கா வாசித்தார், நஸ்ரின் வாசித்தாள், இட்லிக்கு வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் வாசித்தார்கள்.

'ஊரில் எனக்கு ஓர் அக்கா இருந்தாள். எட்னா. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலை.'

'சொல்லாமல் ஓடி வந்ததால் அவள் என்னோடு பேச்சை விட்டுவிட்டாள்.'

'எங்கள் ஊருக்கும் சினிமா வந்தது. எல்லாக் கொள்ளைக்காரர்களும் ஒரே மாதிரி இருப்போம். ஆகவே ஓர் அஞ்சலட்டை போட்டேன். சாகும்போது இடது கையைத் தூக்குகிறவன் நான்.'

'பதில் வரவில்லை. ஆனாலும் தூக்கினேன். ஒருவேளை அன்றைக்குப் பார்க்க வந்திருந்தால்?'

கடைசிப் பலகை வந்தது, அது என்னைப் பார்த்து.

'நீங்கள் எல்லாவற்றையும் படித்தவர், அம்மணி. எட்னா பார்த்தாளா?'

அடிக்குறிப்பு இருநூற்றுப் பன்னிரண்டு என் தலைக்குள் விழுந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. 1916ஆம் வருடத்து நெப்ராஸ்கா வார இதழ் ஒன்றின் உள்ளூர்ச் செய்தி, நான்கே வரி: செவ்வாய்க்கிழமைக் காட்சிகளில் ஒரு பெண்மணி, கொள்ளைக்காரன் சுடப்படும் இடம் வந்தாலே இருக்கையிலிருந்து எழுந்து, தன் இடது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், பின்வரிசையினருக்குத் திரை மறைக்கிறது, கொட்டகைக்காரர் அவரை உட்காரச் சொல்ல வேண்டும். அதை வைத்து ஐந்தாம் அத்தியாயம் முழுவதையும் கட்டியிருந்தேன். 'உலகின் முதல் புரட்சிகரப் பெண் பார்வையாளர்' என்பது அதன் தலைப்பு. அந்த இதழ் எந்த ஊரில் வெளிவந்தது என்பதும், பெக்வித் எந்த ஊரில் பிறந்தார் என்பதும், இரண்டையும் நானே என் கையால் தட்டச்சு செய்திருந்தும், இரண்டும் ஒரே ஊர் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. ஒன்று முதல் அத்தியாயத்தில் இருந்தது, இன்னொன்று ஐந்தாவதில். நடுவில் இருநூற்று நாற்பது பக்கம் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

சொன்னால் கை போகும். கை போனால் இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் அத்தியாயம் போகும். ஜூன் மாதம் சேர்வதாக ஒப்புக்கொண்ட கல்லூரி வேலை போகும். என்னைக் கேள்வி கேட்ட ஒவ்வொருவரையும் ஐந்து வருடமாக வாயடைத்தவள், பதினொரு நாளில் எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும்.

"ஆவணம் எதுவும் கிடைக்கலை சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கேள்விப் பலகை சுவரிலேயே நின்றது, ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அன்றிலிருந்து வெளுக்கத் தொடங்கினார். மறுநாள் தாடியில் புழுதி எங்கே, மயிர் எங்கே என்று பிரிக்க முடியவில்லை. நான்காம் நாள் அவர் முதுகு வழியாகத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. காவலாளி, அவர் உள்ளே இருக்கிறாரா வெளியே போய்விட்டாரா என்று பதிவேட்டில் எழுதத் தெரியாமல் பென்சிலால் எழுதினார். கதவு அடித்தால் இன்னமும் விழுந்தார், ஆனால் பாதி வழியில் மங்கி, தரையில் போய்த்தான் மறுபடி தெரிந்தார்.

"இந்த மனுசன் கரைஞ்சு போயிக்கிட்டிருக்காரு" என்றார் இருளாயி அக்கா, எல்லோருக்கும் பொதுவாக. "கேட்டதுக்கு ஒரு பதில் வந்தா நின்னுருவாரு. யாராச்சும் தேடுங்கடி."

தேடினார்கள். அதுதான் கொடுமை. நஸ்ரின் அமெரிக்க நூலகங்கள் எட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். விலங்கியல் மாணவி ஒருத்தி நெப்ராஸ்காவின் பெக்வித் குடும்பங்கள் அத்தனைக்கும் முகநூலில் எழுதினாள். எந்த எட்னாவும் அகப்படவில்லை. எல்லோரும் என்னிடம் வந்து, "உனக்குத்தானே இதெல்லாம் தெரியும்" என்றார்கள். நான், தனிமனிதக் கதைகளை வரலாறாகக் கருதுவதில் உள்ள முறையியல் சிக்கல்களைப் பற்றி நஸ்ரினுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. ஆனா ஏன் வேர்க்குது உனக்கு?" என்றாள்.

பொது வாய்மொழித் தேர்வு என்பது எங்கள் பக்கம் கல்யாணம் மாதிரி. பந்தல் இல்லையே தவிர, அழைப்பிதழ் உண்டு, பூங்கொத்து உண்டு, காராசேவும் காப்பியும் உண்டு, பார்வையாளர் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்ற அறிவிப்பும் உண்டு. அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதைச் சமாளிக்க, தேர்வுக்கு முந்தின நாளே ஆய்வாளர் தன் கேள்விகளைத் தானே துண்டுச்சீட்டில் எழுதி நண்பர்களிடம் கொடுத்துவிடுவார், அவர்கள் எழுந்து கேட்பார்கள், இவர் திகைத்ததுபோல் ஒரு கணம் நின்று மனப்பாடமாகச் சொல்வார். நான் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரி. பதினான்கு சீட்டு எழுதினேன், வேறு யாருக்கும் நேரம் மிஞ்சாதபடி. பதினான்காவதை இருளாயி அக்காவிடம் கொடுத்தேன். சாதாரண மக்களும் என் ஆய்வைக் கேள்வி கேட்கிறார்கள் என்று புறத்தேர்வாளருக்குத் தெரிய வேண்டாமா? 'தங்கள் ஆய்வின் சமூகப் பயன் யாது' என்பது அக்காவின் கேள்வி.

புறத்தேர்வாளர் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் பயப்பட வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். துடைக்கவேயில்லை. பதிமூன்று கேள்வியும் வந்தன, பதிமூன்றுக்கும் திகைத்து, பதிமூன்றையும் வென்றேன். பெக்வித் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் இருக்கையின் பிரம்பு முடைச்சல் அவர் நெஞ்சு வழியாகத் தெரிந்தது. வேறு யாரோ காலி நாற்காலி என்று நினைத்து அதில் உட்காரப் போய், மன்னிப்புக் கேட்டு நகர்ந்தார்கள்.

இருளாயி அக்கா எழுந்தார். சீட்டைப் பிரித்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், மறுபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நீ எழுதிக் குடுத்ததக் கேக்கலாம்னுதான் வந்தேன் தாயி. ஆனா எனக்கு வேற ஒண்ணு கேக்கணும். அந்த மனுசன் அவுக அக்காளப் பத்திக் கேட்டாருல்ல. நீ அப்ப இட்லித் தட்டப் பாத்துக்கிட்டே பதில் சொன்ன. நெசமா ஒண்ணும் கெடைக்கலையா?"

சவரிமுத்து சார் அவசரமாக எழுந்தார். "அம்மா, கேள்வி ஆய்வேட்டுக்குள்ள இருந்து வரணும்."

"ஆய்வேட்டுக்குள்ளதான் சார் இருக்கு" என்றது என் வாய். நான் அதற்கு அனுமதி கொடுக்கவில்லை. "அடிக்குறிப்பு இருநூத்திப் பன்னெண்டு."

கூடம் முழுக்க ஆய்வேட்டின் பக்கம் புரளும் சத்தம். கொட்டகைக்காரர் அந்தப் பெண்மணியை உட்காரச் சொல்ல வேண்டும் என்ற முடிவுவரை நான்கு வரியையும் நானே வாசித்தேன், முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில், அந்த இதழின் ஊர்ப் பெயரோடு. பெக்வித்தின் ஊரும் அதுதான் என்று சொன்னேன். பத்திரிகையில் பெயர் இல்லை என்றாலும், தன் சொந்த ஊர்க் கொட்டகையில், ஒரு கொள்ளைக்காரனின் சாவுக்கு இடது கையைத் தூக்கிப் பதில் சொல்ல உலகத்தில் ஒருத்திக்குத்தான் காரணம் இருந்தது என்று சொன்னேன். பதினொரு நாளுக்கு முன்பே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது நஸ்ரினைப் பார்க்கவில்லை.

"அப்போ அந்த முஷ்டி?" என்றார் புறத்தேர்வாளர் அம்மா.

"முஷ்டி இல்ல மேடம். கைதான்."

"அஞ்சாம் அத்தியாயம்?"

"விழுந்துருச்சு மேடம்."

"அப்ப என்னதான் மிச்சம் இருக்கு உங்க ஆய்வில?"

வழக்கமாக இந்த இடத்தில் என்னிடம் முப்பது பக்கம் இருக்கும். "ஐம்பத்தேழு படத்துல அவரை அடையாளம் கண்டுபிடிச்சது சரி மேடம். அந்தக் கையைப் பத்தி நான் எழுதினதுதான் தப்பு."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறு மாதத்தில் திருத்தி மறுசமர்ப்பிப்பு என்று எழுதி, கையொப்பத்துக்குச் சவரிமுத்து சாரிடம் நகர்த்தினார். சார், பெக்வித் சொல்வதை ஆதாரமாக ஏற்க அது நூலாக வெளிவந்திருக்க வேண்டுமே என்று ஏதோ முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டார். காராசேவு சுற்றுக்கு வந்தது. ஜூன் மாதக் கல்லூரி அந்தக் காராசேவு மொறுமொறுப்புக்கு நடுவில் எங்கேயோ காணாமல் போனது.

அப்போதுதான் எனக்குப் பின்னால் அந்த வெள்ளைச் சுவரில் பலகை வந்தது. கூடத்திலிருந்த முகங்கள் எல்லாம் எனக்கு மேலே பார்ப்பதைப் பார்த்துத்தான் நானும் திரும்பினேன். கொடி வேலைப்பாட்டின் ஒவ்வொரு இலையும் எண்ணிவிடலாம்போல் அத்தனை கறுப்பு, அத்தனை வெள்ளை.

'உட்கார்ந்தாளா?'

கடைசி வரிசையில் அவர் எழுந்து நின்றிருந்தார். பின்னாலிருந்த கதவு அவர் வழியாகத் தெரியவில்லை.

அடுத்த வார இதழ், அதற்கடுத்தது, கொட்டகைக்காரர் பெயர், அந்த ஊர் நூலகம், இதில் எதையும் நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. நான்கு வரி கிடைத்ததும் எழுத உட்கார்ந்துவிட்டவள் நான்.

"தெரியலை சார்" என்றேன்.

இருளாயி அக்கா தன் காராசேவுத் தட்டை அவர் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு, முன் வரிசைக்கு வந்து, எனக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டுக்கொண்டார். சுவரில் வந்தது:

'பார்த்துச் சொல்லுங்கள், அம்மணி. இருக்கிறேன்.'